காணாமற்போகும் தமிழ் வரிகள்: எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸுடன் 12 ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தம் புத்தகக் கடையின் இணையதளத்தைக் காட்டி, சில தமிழ் நூல்களுக்கு மட்டும் அறிமுகக் குறிப்பு வராமல் அந்த இடம் வெறுமையாக இருப்பது ஏன் என்று கேட்டார். தரவுத்தளத்தில் குறிப்பு முழுமையாக இருக்கிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆங்கில நூல்களுக்கு எல்லாம் ஒழுங்காக வருகிறது. நிரலைத் திறப்பதற்கு முன்பே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. இணையதள நிரல்மொழியான பிஎச்பியில் ஆயத்தமாக உள்ள எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (htmlspecialchars) என்னும் செயற்கூற்றை 12 ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நான், இதே வெறுமைக்குக் காரணம் தேடி ஒரு காலத்தில் மூன்று இரவுகள் விழித்திருக்கிறேன்.

அதன் வேலை எளியது. பயனர் தட்டச்சு செய்யும் சிறியது, பெரியது குறிகளையும் & குறியையும் மேற்கோள்குறிகளையும் உலாவி கட்டளையாக எடுத்துக்கொள்ளாதபடி அது மாற்றித் தருகிறது; அந்த மாற்றம் நிகழாத பக்கங்களில்தான் யாரோ எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, உள்நுழைந்திருப்பவரை அடையாளங்காட்டும் குக்கீயைக் கவர்ந்து செல்கிறது. அதன் உடன்பிறப்பான எச்டிஎம்எல்என்டிட்டீஸ், பிஎச்பியின் 5.4க்கு முந்தைய பதிப்புகளில் குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) குறிப்பிடாவிட்டால், தமிழ் எழுத்துகளைப் புரியாத ஐரோப்பியக் குறிகளாகச் சிதைத்துவிடும். இதுவோ தனக்குரிய ஐந்து குறிகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அந்த ஒழுக்கத்துக்காகவே இதை நம்பினேன், இத்தனை ஆண்டுகளில் என் தளங்களை அது காத்தும் இருக்கிறது.

என் சினம் வேறொன்றின் மீது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'த' என்பதற்கு 3 பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு), 'தி' என்பதற்கு 6 பைட். நண்பரின் நிரல், குறிப்பை, பைட் கணக்கில் உரையை வெட்டும் சப்ஸ்டர் என்ற செயற்கூற்றைக் கொண்டு முதல் 200 பைட்டில் வெட்டி, அந்தத் துண்டை இந்தச் செயற்கூற்றிடம் கொடுக்கிறது. வெட்டு ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே விழுந்தால், கடைசியில் நிற்கும் அரைகுறை எழுத்து ஒன்றுக்காக, அதற்கு முன் பிழையின்றி இருக்கும் அத்தனை சொற்களையும் கைவிட்டு, செயற்கூறு வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத உரையை, திருப்பித் தருகிறது. எச்சரிக்கை இல்லை, பிழைப்பதிவில் ஒரு வரிகூட இல்லை. சொற்களுக்கு இடையிலான இடைவெளி 1 பைட் மட்டுமே என்பதால் வெட்டு விழும் இடம் குறிப்புக்குக் குறிப்பு மாறுகிறது. ஒரு நூலுக்கு வருவது அடுத்த நூலுக்கு வராமற்போவது அதனால்தான்.

இதற்கு நியாயம் இருப்பதை மறைக்க மாட்டேன். அரைகுறை பைட் ஒன்று தன்னை அடுத்துவரும் மேற்கோள்குறியையும் சேர்த்து விழுங்கி, தாக்குபவருக்கு வழி திறந்துவிட்ட பழைய உலாவிகள் உண்டு. ஆகவே ஐயத்துக்குரிய உரையை மறுப்பது சரி. மறுத்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செயற்கூற்றின் நடத்தையை மாற்ற அழைப்போடு சேர்த்து எழுதும் தெரிவுகளைக் கொடி என்பார்கள். 2021இல் வந்த பிஎச்பி 8.1 பதிப்பு, பழுதான பைட் இருக்கும் இடத்தில் ஒரு பதிலிக் குறியை வைக்கும் எண்ட்சப்ஸ்டிட்யூட் கொடியையும், ஒற்றை மேற்கோளையும் மாற்றும் எண்ட்கோட்ஸ் கொடியையும், நாம் எதுவும் எழுதாதபோது தாமே செயல்படும் இயல்பு அமைப்பாக்கியது. நண்பரின் சர்வரில் இருப்பது 8.2. அப்படியிருந்தும் வெறுமை ஏன்? பாதுகாப்பு நூல்கள் ஆண்டுக்கணக்கில் அறிவுறுத்தியபடி அவர் ஒவ்வோர் அழைப்பிலும் எண்ட்கோட்ஸைத் தம் கையாலேயே எழுதியிருந்தார். கொடியை நாமே கொடுத்துவிட்டால் இயல்பு அமைப்பு முழுவதும் விலகிவிடும், பதிலிக் குறியும் அதோடு போய்விடும். அறிவுரையைக் கேட்டு ஒழுங்காக எழுதியவருக்கு இந்தத் தண்டனை. எதையும் எழுதாமல் விட்டவருக்கு வரிகள் தெரிகின்றன. இதைக் கண்டபோதுதான் என் பொறுமை தீர்ந்தது.

இரண்டு கொடிகளையும் சேர்த்து எழுதினோம். வெட்டும் வேலையை, பைட்டுக்குப் பதில் எழுத்துக்குறிகளை எண்ணும் எம்பிசப்ஸ்டருக்கு மாற்றினோம். அது பைட்டை உடைக்காது என்றாலும் 'தமிழ்' என்பதன் புள்ளியை விட்டுவிட்டு 'தமிழ' என்று நிறுத்தக்கூடும் என்பதால், இறுதியில், புள்ளியையும் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணும் கிராஃபீம்சப்ஸ்டரை வைத்தோம். குறிப்புகள் அனைத்தும் திரும்பி வந்தன.

எனக்கு இவ்வளவு உழைத்த எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸை நேரடியாக அழைக்கும்படி, புதிதாகத் தளம் கட்டும் தமிழர் எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்விக், பிளேடு போன்ற, பக்கங்களை அமைத்துத் தரும் வார்ப்புருக் கருவிகள் இதே செயற்கூற்றை இரண்டு கொடிகளோடும் தாமே அழைத்துக்கொள்கின்றன. அவற்றின் வழியாகவே பயன்படுத்துங்கள். என் நிரல்களிலும் நேரடி அழைப்புகளை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கிவிட்டேன்.