குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது? ஆறு வருடம் அளந்து பார்த்த அனுபவம்

வீட்டில் ரைஃபிள் தோட்டா தயாரிப்பவர்களிடம் என்ன பவுடர், எத்தனை கிரெயின் (பவுடரையும் குண்டையும் நிறுக்கும் எடை அளவு) என்று கேட்டால் உடனே பதில் வரும். குண்டைக் கேஸுக்குள், அதாவது பவுடர் நிரப்பும் பித்தளைக் கூட்டுக்குள், எவ்வளவு ஆழம் இறக்குகிறீர்கள் என்றால் கையேட்டில் இருக்கும் மொத்த நீளத்தைச் சொல்வார்கள். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான். டெக்சாஸில் மான் வேட்டைக்கும் ரேஞ்சுக்கும் நான் எடுத்துப்போவது ஒரு .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன். அதற்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்திருக்கும் அதிகபட்ச நீளம் 2.810 அங்குலம். என் பேரலில் குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அதை நான் தெரிந்துகொண்டது ஒரு சனிக்கிழமை காலையில். வழக்கமான குண்டு கிடைக்கவில்லை என்று தோள்பட்டை கொஞ்சம் பருத்த வேறொரு 168 கிரெயின் குண்டு வாங்கி, அதையும் அதே 2.810க்கு இறக்கியிருந்தேன். போல்ட்டை மூடும்போது கடைசியில் லேசான ஒரு பிடிப்பு. நான் பொருட்படுத்தவில்லை. அதற்குள் சுடுவதை நிறுத்தச் சொல்லி ரேஞ்சில் குரல் வந்தது. போல்ட்டை இழுத்தால் கேஸ் மட்டும் வந்தது. குண்டு வரிப்பள்ளத்தில் கவ்விக்கொண்டு பேரலிலேயே நின்றுவிட்டது. பவுடர் முழுக்க ஆக்‌ஷனுக்குள் கொட்டியது, டிரிகருக்குள்ளும் போயிருந்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வாய்ப்பக்கத்திலிருந்து கிளீனிங் ராடால் மெதுவாகத் தட்டிக் குண்டை வெளியே எடுத்தேன். இப்படி ஆனால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டுத் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பேரல் வெடிக்கும், ஆளும் போகலாம்.

அடுத்த வாரமே அளவுக்கருவி வாங்கினேன். அடியில் மரை வெட்டிய ஒரு கேஸ், அதன் வழியே குண்டைத் தள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். குண்டு வரிப்பள்ளத்தைத் தொட்டதும் திருகை இறுக்கி வெளியே எடுத்து அளக்க வேண்டும். விரலுக்கு எட்டும் அழுத்தம் போதும். அமுக்கினால் குண்டு உள்ளே ஏறி அளவு பொய் சொல்லும். நான் ஐந்து முறை அளந்து, ஒத்துப்போகும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலிப்பரை நுனியில் வைக்காதீர்கள். ஒரே பெட்டியில் உள்ள குண்டுகளின் நுனிகளே ஒன்றுக்கொன்று வேறுபடும். வரிப்பள்ளத்தைத் தொடுவது குண்டின் வளைவு முழு விட்டத்தை நெருங்கும் இடம், அதனால் காலிப்பரில் கம்பரேட்டர் என்ற துணைக்கருவியை மாட்டி அங்கேதான் அளக்க வேண்டும்.

இந்தக் கருவியில் ஒரு குறை உண்டு. கூடவே வரும் கேஸ், தோட்டா உட்காரும் என் சேம்பரில் சுட்ட கேஸைவிடத் தோளில் சற்றுக் குட்டை. அந்த வித்தியாசத்தைத் தனியாக அளந்து கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. நான் பிறகு என் சொந்தக் கேஸ் ஒன்றுக்கே மரை வெட்டிக்கொண்டேன்.

இப்போது மான் வேட்டைக்குத் தொடும் இடத்திலிருந்து 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் விட்டு இறக்குகிறேன். முழுச் செம்புக் குண்டுக்கு பார்ன்ஸ் நிறுவனம் 0.050 அங்குல இடைவெளியில் தொடங்கச் சொல்கிறது. என் ரைஃபிளுக்கும் அதுவே ஒத்துவந்தது. தொட்டுக்கொண்டிருக்கும் குண்டு நகரத் தடுமாறும், அழுத்தம் சட்டென்று ஏறும். அதற்குப் பயந்து ரொம்ப ஆழமாக இறக்கினாலும் சரியில்லை. கேஸுக்குள் இடம் குறையும், நிரம்பிய லோடில் பவுடர் நசுங்கும், அழுத்தம் மறுபடி ஏறும். .308க்கு வகுத்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் லோடில் ஆழத்தை மாற்றினால் நான் பவுடரைக் கையேட்டின் தொடக்க அளவுக்கே இறக்கி மறுபடி படிப்படியாக ஏறுகிறேன். குண்டின் பிராண்ட் மாறினாலும் அப்படித்தான்.

அப்புறம் மேகஸின். அளந்த நீளம் அதில் நுழையாவிட்டால் மேகஸின் நீளத்துக்கே இறக்குகிறேன். வேட்டையில் ஒவ்வொன்றாகக் கையால் போட நேரமிருக்காது. கேஸின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கும் பிடிப்பையும் பாருங்கள்: தோட்டாவை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் குண்டு அசையக்கூடாது. அசைந்தால் அந்தத் தோட்டாவைச் சுடாமல் பிரித்துவிடுவேன், பின்னுதைப்பில் அது உள்ளே போய்விடும்.

ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் புதிதாக அளக்கிறேன். பேரலில் வரிப்பள்ளம் தொடங்கும் தொண்டைப் பகுதி தேய்கிறது, ஏறக்குறைய 1,500 தோட்டாக்களில் என் பேரலில் தொடும் இடம் 0.012 அங்குலம் முன்னே போயிருக்கிறது. பெட்டி மூடியில் தேதியோடு அந்த அளவையும் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.