கணப்புத் தீ நீண்ட நேரம் நிற்க: டேம்பரா, விறகா, கதவா?

கணப்பில் வைத்த விறகு ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிவிட்டால், முதலில் கை போவது டேம்பர் பக்கம்தான். புகைபோக்கியின் வாயை மூடும் அந்தத் தகட்டைக் கொஞ்சம் சாய்த்தால் தீ அடங்கும், நேரம் நீளும், செலவும் இல்லை. ஆனாலும் இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான் என்பேன். காற்று போதாத விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். அந்தப் புகை புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் கிரியோசோட் என்ற தார்ப்பிசினாகப் படிந்து, பின்னொரு நாள் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கும். மேலே போக வழியில்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவோ அறைக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தணலிலிருந்தும் அது வந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், "தீதான் அணைந்துவிட்டதே" என்று டேம்பரை மூடிவிட்டுப் படுக்கவே கூடாது.

சரி, விறகை மாற்றினால்? ஓக் போன்ற வன்மரமும் பைன் போன்ற மென்மரமும் எடைக்கு எடை தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கணப்பில் இடம் கொஞ்சம். அதே இடத்தில் வன்மரம் அதிக எடை பிடிக்கும், தணலும் நெடுநேரம் நிற்கும். பைனைப் பற்றவைக்க வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பிளந்து அடுக்கிய ஓக் அந்த நிலைக்கு வர 1 முதல் 2 வருடம்கூட ஆகும். ஈர ஓக்கைவிடக் காய்ந்த பைன் எவ்வளவோ மேல்.

அடுக்கும் விதத்திலும் நேரம் கிடைக்கும். கீழே சுள்ளி, மேலே கட்டை என்பது பழகிய முறை. சட்டென்று பிடிக்கும், எல்லாக் கட்டையும் ஒன்றாக எரிந்து சீக்கிரம் முடியும். அதைத் தலைகீழாக்கி, பெரிய கட்டைகளை அடியில் நெருக்கமாக வைத்து உச்சியில் சுள்ளியைக் கொளுத்தினால் தீ மெல்லக் கீழிறங்கும். புகையும் மேலேயுள்ள சுடரைத் தாண்டும்போது எரிந்துவிடுவதால் குறைவு. செலவில்லாத வழிகளில் என் ஓட்டு இதற்கே. ஆரம்பத்தில் கிளறாமல் இருக்கப் பொறுமைதான் வேண்டும்.

இரவு முழுக்கத் தணல் வேண்டுமென்றால் திறந்த கணப்பை நம்பிப் பயனில்லை. வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும், பொறி வெளியே தெறிக்கும், அப்படியே விட்டுவிட்டுத் தூங்கவும் முடியாது. கணப்புக்குள் பொருத்தும் கதவுள்ள இன்செர்ட் அடுப்பு இதற்காகவே வந்தது. காற்றை அளந்து விடலாம், பல மணி நேரம் எரியும். விலை அதிகம், புகைபோக்கிக்குள் எஃகுக் குழாயும் இறக்க வேண்டியிருக்கும். நிறைய விறகை ஏற்றிவிட்டு உடனே காற்றைக் குறைத்தால் இதிலும் அதே கிரியோசோட்தான். கட்டைகள் நன்றாகப் பற்றிய பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வருடத்துக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சோதித்துச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். அப்புறம் சாம்பல்: அதற்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள்.