கோடை ஓவியப் பயிற்சிக்கு எது நல்லது: சேலம் கடைவீதியா, ஏற்காட்டு மலையா?

பதினோராம் வகுப்பை முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர நினைக்கும் மாணவருக்கு, அந்த ஆண்டின் கோடை விடுமுறைதான் இடையூறு இல்லாமல் வரையக் கிடைக்கும் கடைசி நீண்ட காலம். சேலத்தில் இருக்கும் அப்படிப்பட்ட மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு. கோடைக்கால ஓவிய வகுப்பில் சேரலாம், ஏற்காட்டுக்குப் போய் இயற்கைக் காட்சிகளை வரையலாம், அல்லது ஊருக்குள்ளேயே கடைவீதியையும் வீட்டையும் பயிற்சிக் களமாக வைத்துக்கொள்ளலாம். அரசு நடத்தும் லோயர், ஹையர் டிராயிங் (ஓவியத்) தேர்வுகளை எழுதி முடித்து, ஒரு சொம்பின் வாயைச் சரியான நீள்வட்டமாகப் போடத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். தொடக்கநிலையினருக்கு இதே முடிவுகள் பொருந்தா.

வகுப்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நம் ஊரில் நடக்கும் கோடை வகுப்புகள் பலவற்றில் நடிகர் ஒருவரின் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பென்சில் ஷேடிங்கில் பெரிதாக்குவதே பாடமாக இருக்கிறது. படம் வீட்டாருக்குப் பிடிக்கும், சுவரிலும் மாட்டுவார்கள். ஆனால் எதை விடுவது, எந்த இருளை எவ்வளவு அழுத்துவது, முப்பரிமாணத்தை எப்படித் தாளுக்குக் கொண்டுவருவது என்ற முடிவுகளையெல்லாம் கேமரா ஏற்கெனவே எடுத்துவிட்டதால், மாணவருக்கு மிஞ்சுவது பொறுமை மட்டுமே. எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்து வரையச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அது வேறு, அவரை விடக்கூடாது.

மிஞ்சும் இரண்டில், ஏற்காட்டுக்கு இருக்கும் கவர்ச்சி கடைவீதிக்கு இல்லை. இருந்தாலும் கோட்டுப் பயிற்சிக்குக் கடைவீதிதான் மேல் என்பது என் முடிவு. மனித உடல் வேலை செய்யும்போது எப்படிச் சாய்கிறது, எடை எந்தக் காலில் விழுகிறது என்பதை மலையில் மரங்களைப் பார்த்துக் கற்க முடியாது. சேலத்தின் மொத்த வணிகச் சந்தையான லீ பஜாரில் மூட்டை இறக்குபவரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், குதிகாலில் தொடங்கி இடுப்பு வழியாகக் கழுத்து வரை ஓடும் ஒரே வளைகோடு தெரியும். அந்தக் கோட்டை முதலில் போட்டுவிட்டால் கைகால்கள் தாமாக அதில் வந்து அமரும். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து, 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாறையை நகர்த்தும் அந்த நால்வரின் உழைப்பைக் காட்டுவது அவர்களின் முகங்களைவிட உடல்களின் சாய்வுதான்.

அசையும் ஆளை எப்படி வரைவது என்று மாணவர்கள் தயங்குவார்கள். திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்பவரைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு வழி. மாலை ஆறரைக்கு மேல் தட்டுவடை செட் வண்டியருகே நின்று பாருங்கள். கடைக்காரர் சிறு தட்டுவடைகளைத் தட்டில் அடுக்குகிறார், சட்னியைத் தடவுகிறார், துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் ஒரு கிள்ளு எடுத்து வைக்கிறார், மேலே இன்னொரு தட்டுவடையால் மூடி விரலால் லேசாக அழுத்துகிறார். அடுத்த செட்டுக்கும் அதே மணிக்கட்டு அதே கோணத்துக்குத் திரும்பி வருகிறது. பேனாவைத் தொடாமல் சில செட்டுகள் போவதைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு கணத்தை மட்டும் குறிவைத்து, கை அங்கே வரும்போதெல்லாம் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம். வண்டியின் மேல் தொங்கும் ஒற்றை எல்இடி பல்பு இன்னொரு வசதி. புருவத்துக்குக் கீழே நிழல் விழுகிறது, தாடைக்கு அடியில் எவர்சில்வர் தட்டிலிருந்து எழும் வெளிச்சம் படுகிறது. ஓவிய வகுப்பில் செயற்கையாக ஏற்பாடு செய்ய வேண்டிய ஒளியமைப்பு இங்கே தெருவிலேயே கிடைக்கிறது.

இதற்குப் பால்பாயின்ட் பேனா போதும். அழிக்க முடியாது என்பதுதான் அதன் நன்மை. வியர்வை பட்டால் கரி ஈஷிக்கொள்ளும், பென்சிலும் மங்கும் என்பதால், எதை வைத்து வரைந்தாலும் உள்ளங்கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை இருப்பது நல்லது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர்களின் கொலுசுப் பட்டறை இருந்தால் அங்கே கிடைக்கும் பாடம் வேறு வகை. வெள்ளிக்குத் தனக்கென்று நிறம் கிடையாது, சுற்றியிருப்பதை வாங்கிக் காட்டும். பெரும்பாலான மாணவர்கள் அதைச் சாம்பல் நிறமாக நினைத்து, பென்சில் தூளை விரலால் தேய்த்து மழுப்பிவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது அலுமினியம். மிகக் கறுத்த இருளையும் தாளின் தொடாத வெண்மையையும் இடையில் எதுவும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் துணிந்தால்தான் வெள்ளி மின்னும்.

கடைவீதியின் குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டம் சூழ்ந்து நின்று பார்க்கும், யாராவது தன்னை வரையச் சொல்வார். "அண்ணா, ஓரமா உக்காந்து கொஞ்ச நேரம் வரைஞ்சுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் பாதித் தொல்லை குறையும். மாணவிகள் துணையோடு போவது நல்லது, அல்லது தெரிந்த கடையாக இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மாலை ஐந்து மணிவரை வெளியே வரைவது வீண் பிடிவாதம்.

அந்த நடுப்பகல் நேரத்தை வீட்டில் பொருள்களை வரையப் பயன்படுத்தலாம். இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்குச் சன்னலருகே அமருங்கள், அங்கேதான் வெளிச்சம் மாறாமல் இருக்கும் என்று மேல்நாட்டு ஓவிய நூல்கள் சொல்வதை நம் ஆசிரியர்களும் அப்படியே சொல்லிவருகிறார்கள். சேலம் ஏறத்தாழ 11.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 21-ஐ ஒட்டிய நாள்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை, சூரியன் நாள் முழுவதும் நமக்கு வடக்கே சாய்ந்துதான் செல்கிறது. ஆகவே மே மாதத்தில் வடக்குச் சன்னல் வழியாகக் காலையும் மாலையும் சாய்வெயில் உள்ளே விழும். நேர்வெயில் படாத சன்னல் தெற்குச் சன்னல்தான். அதன் பக்கத்தில் ஒரு சேலத்து மல்கோவாவைக் காயாக வாங்கி வைத்து, அது பழுக்கும்வரை ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் வரைந்துவந்தால், வடிவம் மாறாமல் நிறம் மட்டும் மாறுவதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

நேரமும் பஸ் வசதியும் இருந்தால் ஒரு காலைப்பொழுதைத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒதுக்கலாம். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துத் தூண் சிற்பங்கள் அசையா மனித உருவங்கள். இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் சாய்வதை நிதானமாக அளந்து பார்க்கலாம். நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏற்காடு. கோட்டுக்குப் பின்தங்கும் மலை, நிறத்துக்கு வந்தால் கடைவீதியை எளிதாக வென்றுவிடும். காரணம் அழகு அல்ல, ஈரம். மே மாதச் சேலத்தில் நீர்வண்ணத்தை ஈரத்தாளில் விட்டால், ஒரு நிறம் இன்னொன்றில் பரவுவதற்கு முன்பே தாள் காய்ந்து ஓரங்களில் கோடு கட்டிவிடும். அக்ரிலிக் இன்னும் மோசம், தட்டிலேயே தோலாகிவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தாள் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) பரவுவதைப் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கிறது. தடித்த 300 ஜிஎஸ்எம் தாள் இல்லாமல் சார்ட் தாளோடு போனால் அது நெளிந்து, கிடைத்த நேரமும் வீணாகும்.

அங்கே உள்ள பெரிய பாடம் பச்சை. காபிச் செடியின் இலை மெருகேறிய கரும்பச்சை. அதற்கு மேலே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெண்மை. அதன் தண்டில் ஏறும் மிளகுக்கொடி மஞ்சள் கலந்த பச்சை. பெட்டியில் ஆயத்தமாக இருக்கும் சேப் கிரீன், விரிடியன் என்ற பச்சைகளை அப்படியே தடவினால் மூன்றும் ஒன்றாகிவிடும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு, பிரஷ்யன் புளூ (கருநீலம்), கம்போஜ் (மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) மூன்றை மட்டும் எடுத்துப்போய்ப் பச்சைகளைக் கலந்து உண்டாக்கச் சொல்வேன். லேடீஸ் சீட் என்ற காட்சி முனையிலிருந்து கீழே தெரியும் சேலம் சமவெளி, தொலைவு கூடக்கூட ஒளிக்கும் இருளுக்கும் உள்ள மாறுபாடு குறைந்து நீலமாக வெளுப்பதைக் காட்டும். ஆனால் அங்கிருந்து காலண்டர் படம் வரைந்துவிடும் ஆபத்தும் உண்டு, காட்சியின் அழகே வேலையைச் செய்துவிட்டதாக மாணவர் ஏமாந்துபோவார்.

மலர்க் கண்காட்சி நடக்கும் நாள்களில் ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போடவும் இடம் இருக்காது. பிற்பகலில் இடிமழை வரும். எஸ்டேட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, காட்டெருமை நடமாட்டத்தையும் உள்ளூரில் விசாரித்துக்கொள்ள வேண்டும். காலையில் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போய் மாலையே திரும்பும் பயணத்தால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் பனிமூட்டம் விலகும் விடியற்காலை போய்விடுகிறது. நாகலூரிலோ செம்மடுவிலோ உறவினர் வீடு இருந்தால் விடுமுறையின் பிற்பகுதியில், கோடு கைக்கு வந்த பிறகு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தங்கி வரைவதே சரி. ஏற்காட்டிலேயே வளர்ந்த மாணவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர் இறங்கி வந்து லீ பஜாரில் உட்கார வேண்டும்.

கோட்டில் தேறி நிறத்தில் மட்டும் தடுமாறும் மாணவர் மலைக்கு முதலிடம் கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கடைவீதியை நான் முன்னே வைப்பதற்கு இன்னொரு காரணம், ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் ஏற்காட்டுக்குப் போக நாள் கிடைக்காது, தட்டுவடை வண்டியோ டியூஷன் முடிந்து வரும் வழியில்தான் நிற்கும்.