ஒருநாள் பயிலரங்கா, தொடர் வழிகாட்டலா?

பள்ளி நேரத்திற்குப் பிந்தைய திட்டங்களின் பணியாளர்களிடம் ஆய்வு முடிவுகளைச் சேர்க்க, ஒருநாள் பயிலரங்கு செலவு குறைந்த வழி. ஊழியர்கள் அடிக்கடி மாறும் இடங்களுக்கு அது தேவையும்கூட. ஆனால், படிப்படியான வரிசை, செயல்வழிக் கற்றல், தனியே ஒதுக்கிய நேரம், தெளிவான இலக்கு ஆகிய நான்கும் அமைந்த திட்டங்களே பலன் தந்தன என 2010இல் வெளியான தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கே ஆராய்வது) காட்டியதை அரங்கில் குறித்துக்கொள்வது எளிது. களைத்து வந்த குழந்தைகள் சூழ்ந்து நிற்கும் மாலையில் அதைச் செயல்படுத்துவது வேறு.

தொடர் வழிகாட்டலில் பயிற்சியாளர் அமர்வை நேரில் கவனித்து, பணியாளருடன் பேசி, அடுத்த வாரத்திற்கு ஒரேயொரு மாற்றத்தை முடிவுசெய்கிறார். அமெரிக்காவில் 87 மையங்களில் நடந்து 2012இல் வெளியான ஆய்வும், மதிப்பீட்டையும் திட்டமிடலையும் வழிகாட்டலையும் இணைத்த முறை பணியாளர்களின் செயல்முறையை மேம்படுத்தியதாகக் கண்டது. செலவு கூடுதல்தான் (பகுதிநேர ஊழியரின் பயிற்சி நேரத்திற்கும் ஊதியம் தர வேண்டும் என்பது எளிதில் மறக்கப்படுகிறது); ஆயினும் என் தேர்வு இதுவே.