வாடகை வீட்டுக் கார்ப்பெட்டும் மகளின் மூச்சிளைப்பும்: ஆறு வருட அனுபவம்

லண்டனில் ஹாரோ பக்கம் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் சமையலறை, குளியலறை தவிர எல்லா இடத்திலும் சுவரோடு சுவராகக் கார்ப்பெட். மாடிப்படியைக்கூட விட்டுவைக்கவில்லை. 2018 செப்டம்பரில் குடிவந்தோம். மகளுக்கு அப்போது நாலு வயது. வந்த அன்றே அந்தப் பழுப்புக் கார்ப்பெட்டில் உருண்டு புரண்டு விளையாடினாள். நான் திருச்சியில் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வளர்ந்தவள். தரை என்றால் பெருக்கி, ஈரத்துணியால் துடைப்பது என்றுதான் பழக்கம். துடைக்க முடியாத தரையை என்ன செய்வது என்று யோசிக்கவே தோன்றவில்லை.

நவம்பரில் ஆரம்பித்தது. விடியற்காலையில் வறட்டு இருமல், எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல். அடிக்கடி உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ப்பாள். தை மாதத்துக்குள் இளைப்பும் வந்து, நீல நிற இன்ஹேலர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அலர்ஜி டெஸ்ட்டில் அவள் முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் விட்டு லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரம் காத்திருந்தோம். 3 மில்லிமீட்டர் தடித்தாலே கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். தூசிப்பூச்சிக்கு, அதாவது டஸ்ட் மைட்டுக்கு, 7 மில்லிமீட்டர் தடித்திருந்தது. பூனைக்கு 4. எங்களிடம் பூனையே கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டபோதுதான், முன்பு குடியிருந்தவர்கள் இரண்டு பூனை வளர்த்தது தெரிந்தது. பூனை போன பிறகும் அதன் எச்சிலிலும் தோலிலும் இருந்து வந்த புரதம் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். கார்ப்பெட்டில் இன்னும் அதிக நாள்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "பிடுங்கிப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வேறு வீடு பார்க்கும் நிலையில் நாங்களும் இல்லை. அதனால் அந்தக் கார்ப்பெட்டோடுதான் ஆறு வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மெஷின். பழைய வேக்குவம் கிளீனரில் பை கிடையாது, டப்பாவில் தூசி சேரும். அதைக் குப்பைத்தொட்டியில் தட்டும்போது எழும் புகைமண்டலம் ஒன்றே போதும், என் கணவர் அரை மணி நேரம் தும்முவார். பை போடுகிற, ஹெப்பா ஃபில்டர் (நுண்தூசியையும் பிடித்துவைக்கும் வடிகட்டி) உள்ள மெஷினுக்கு மாறினோம். பையை வாய் மூடி அப்படியே எறிந்துவிடலாம். இந்த மாற்றத்துக்குப் பலன் உண்டு. ஆனால் மெஷினை விடப் பழக்கம் முக்கியம். ஒரே இடத்தில் மெதுவாக, நெடுக்கே ஒருமுறை குறுக்கே ஒருமுறை இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் மகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. தூசிப்பூச்சியின் எச்சத்தில்தான் அலர்ஜி தரும் புரதம் இருக்கிறது. அந்தத் துகள் கொஞ்சம் கனமானது, கிளறினால் எழும்பி, பிறகு படிந்துவிடும். அதனால் அவள் பள்ளிக்குப் போனதும் முகமூடி போட்டுக்கொண்டு ஹூவர் (வேக்குவம்) செய்துவிடுவேன். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் உயிருள்ள பூச்சிகள் நார்களைப் பற்றிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும். மேலே கிடக்கும் தூசியும் எச்சமும்தான் வரும்.

கார்ப்பெட்டில் தூவுகிற வாசனைப் பவுடரைத் தொடவே வேண்டாம். இரண்டே முறை போட்டேன், இரண்டு முறையும் மகளுக்கு இருமல் அதிகமானது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் அப்போதே நிறுத்திவிட்டேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் வருத்தம். 2019 நவம்பரில் ஆளை அழைத்து முழு வீட்டுக் கார்ப்பெட்டையும் 'ஸ்டீம் கிளீனிங்' செய்தோம். பெயர்தான் ஸ்டீம். உண்மையில் சுடுநீரையும் சோப்பையும் உள்ளே செலுத்தி, திரும்ப உறிஞ்சி எடுக்கும் முறை. வந்தவர் அவசரத்தில் சரியாக உறிஞ்சாமல் போய்விட்டார். "ராத்திரிக்குள் காய்ந்துவிடும்" என்றார். மூன்றாம் நாளும் சாக்ஸ் நனைந்தது. ஒரு வாரத்தில் ஈரத்துணியை மூடி வைத்தால் வருமே, அந்த வாடை. மகளுக்கு அந்த மாதம் இரண்டு முறை இளைப்பு வந்து ஸ்டீராய்டு மாத்திரை வரை போனது. பார்வைக்குக் கார்ப்பெட் பளிச்சென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஈரத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தூசிப்பூச்சி கால் மில்லிமீட்டர் அளவுதான். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. ஆனால் அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் பிழைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வற்றிச் சாகும். சரி, நம் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, பத்துப் பவுண்டுக்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்கி அலமாரியில் வைத்தேன். 58. பரவாயில்லை என்று தோன்றியது. ஒரு நாள் அதையே எடுத்து வெளிச்சுவர் ஓரமாகக் கார்ப்பெட் மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் 69. குளிர்ந்த தரையை ஒட்டிய காற்றுதான் பூச்சிக்கு வீடு. அலமாரியில் இருக்கும் எண்ணை நம்பி ஒரு வருடம் ஏமாந்திருப்பேன்.

யோசித்துப் பார்த்தால் ஈரம் எல்லாம் நாங்களே உண்டாக்கியது. தினமும் சோறு வடிப்பது, குழம்பு கொதிப்பது, மூன்று பேர் குளிப்பது, குளிர்காலத்தில் ஹீட்டர் மேல் துணி காயப்போடுவது. துணியை முதலில் நிறுத்தினோம். சின்ன அறையில் கதவைச் சாத்தி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் மெஷின் போட்டு அங்கே மட்டும் காயவைக்கிறோம். துணி காயும் நாளில் அதன் தொட்டியில் கிட்டத்தட்ட 2 லிட்டர் தண்ணீர் சேரும். அவ்வளவும் முன்பு கார்ப்பெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது!

ஜன்னலைத் திறப்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. வெளியே எப்போதும் தூறல், ஈரக்காற்று உள்ளே வருமே என்று பயம். கணக்கு வேறு மாதிரி. 5 டிகிரிக் குளிர்காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தாலும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அது 35-க்குக் கீழே இறங்கிவிடும். குளிர்காற்று தண்ணீரைத் தாங்கும் அளவு அவ்வளவு குறைவு. காலையிலும் சமையல் முடிந்ததும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். மீட்டரில் எண் இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

2020 குளிர்காலத்தில் கார்ப்பெட் மட்டத்தில் 50-ஐ ஒட்டிக் கொண்டுவந்தோம். உடனே பலன் கிடைக்கவில்லை. பூச்சி செத்தாலும் அதன் எச்சம் அங்கேயே கிடக்கும், ஹூவர் செய்து செய்துதான் குறைய வேண்டும். மார்ச் வாக்கில் ஒரு நாள், இரவில் இருமல் கேட்டு நான் எழுந்து எத்தனை நாளாகிறது என்று எண்ணிப்பார்த்தேன். மூன்று வாரம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுத் தூசிப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறைகளைப் பற்றி 54 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அமைப்பின் அறிக்கை) 2008-இல் வந்தது. ஆஸ்துமாவுக்கு அவற்றால் பலன் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. அதனால் கார்ப்பெட்டைச் சரிசெய்தோம் என்று நாங்கள் இன்ஹேலரைக் குறைக்கவில்லை. மருத்துவர் சொன்னபடி தடுப்பு இன்ஹேலர், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்), படுக்கைக்கு முழு உறை, வாரம் ஒருமுறை 60 டிகிரியில் விரிப்புத் துவைப்பு எல்லாம் சேர்ந்தே நடந்தது. எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கார்ப்பெட் ஈரமாக இருந்த மாதங்களில் அவள் பட்ட பாட்டை மட்டும் மறக்க முடியாது.

2022-இல் மகளின் அறைக் கார்ப்பெட்டை மட்டும் எங்கள் செலவில் எடுத்து லேமினேட் (பலகை போன்ற, துடைக்கக்கூடிய தரை) போட வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். சுவரோரம் ஆணிப்பட்டையிலிருந்து அதை உரித்தபோது அடியிலிருந்த ஃபோம் மாவு மாதிரி உதிர்ந்தது. வெளிச்சுவர் மூலையில் ஒரு கை அகலத்துக்குக் கருப்பாகப் பூஞ்சை. அவளது கட்டில் தலைமாடு சரியாக அந்த மூலையில்தான் நாலு வருடம் இருந்தது. அவளை அம்மாச்சியோடு வீடியோ காலில் பேசச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டு, அந்தச் சுருளை நானும் கணவரும் பிளாஸ்டிக்கில் சுற்றி இறக்கினோம்.

ஹாலிலும் படியிலும் இன்னும் கார்ப்பெட்தான். வாரம் இரண்டு முறை ஹூவர், தரை மட்டத்தில் மீட்டர். இன்று காலை 48.