ஸோல்பிடெம் தூக்க மாத்திரை: படுத்ததும் தூக்கம் வராதவர்களுக்குச் சரி, மூன்று மணிக்கு விழிப்பவர்களுக்கு?

மெடிக்கல் ஷாப்பில் ஸோல்பிடெம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. சாதாரண மாத்திரை 5, 10 மி.கி. பெயருக்குப் பின்னால் ‘சிஆர்’ (மெல்லக் கரையும் வகை) என்று இருந்தால் 6.25, 12.5 மி.கி. சாதாரண மாத்திரை அரை மணிக்குள் கண்ணைச் சொருக வைத்துவிடும். ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டரை மணி நேரம்தான். படுத்துப் புரண்டுகொண்டே இருப்பவர்களுக்கு இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து மணிக்குத் தூங்கி மூன்று மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பவர்களுக்கு அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அதற்குள் மருந்து பெரும்பாலும் இறங்கிப்போயிருக்கும். உங்கள் கஷ்டம் இரண்டில் எது என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் இந்த மாத்திரை சொதப்புவது சாப்பாட்டு நேரத்தால். ஒன்பதரைக்கு நாலு தோசை, பத்துக்கு மாத்திரை. வயிறு நிறைந்திருந்தால் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வர 1.4 மணி நேரத்துக்குப் பதில் 2.2 மணி நேரம் ஆகிவிடும், உச்ச அளவும் கால்வாசி குறையும். பதினொன்றாகியும் தூக்கம் வராது. ‘இன்னொண்ணு போட்டுப் பார்ப்போம்’ என்று கை அட்டைக்குப் போகும். பிறகு இரண்டும் நள்ளிரவில் ஒன்றாக ஏறும். விடிந்து பால் பாக்கெட் எடுக்கப் போகிறவர் நிலைப்படியில் தடுக்குவது அதனால்தான். ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்தால் பத்துக்கு மாத்திரை ஒழுங்காக வேலை செய்யும். கேஸை மூடி, கதவைப் பூட்டி, பாத்ரூம் போய்விட்டு, கட்டிலில் உட்கார்ந்த பிறகே போட வேண்டும். எழுந்திருக்க ஏழெட்டு மணி நேரம் இல்லையென்றால் அன்றைக்கு மாத்திரையே வேண்டாம். தூக்கம் வரவில்லை என்றாலும் அதே இரவில் இரண்டாவது கிடையாது.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுவது பெண்களுக்கான டோஸில். பெண்களின் உடலில் இந்த மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. 10 மி.கி. போட்டு எட்டு மணி நேரம் கழித்தும் வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு ரத்தத்தில் இருந்தது பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு, ஆண்களில் 3 சதவீதம் பேருக்கு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013இல் பெண்களுக்கான அளவை 10இலிருந்து 5ஆகவும், சிஆரில் 12.5இலிருந்து 6.25ஆகவும் பாதியாக்கியது. வயதானவர்களுக்கும் 5 மி.கி.தான். ஆண்களுக்கும் 5இல் தொடங்குவதே புத்திசாலித்தனம். ‘10 வாங்கிப் பாதியாக உடைச்சுக்கோங்க’ என்று கவுண்ட்டரில் சொன்னால் 5 மி.கி. அட்டையையே கேளுங்கள். நடுக்கோடு இல்லாத மாத்திரை கத்தியில் இரண்டு சம பாதியாக உடையாது.

சிஆர் மாத்திரையை உடைக்கவே கூடாது, மெல்லவும் கூடாது. அது இரண்டு அடுக்கு: ஒன்று உடனே கரையும், மற்றது மெல்லக் கரையும். உடைத்தால் அந்த ஏற்பாடே கெட்டு, மருந்து ஒரேயடியாக இறங்கும். விடிகாலையில் விழிப்பவர்களுக்கு இது கொஞ்சம் நன்றாகவே உதவும், ஆனால் மறுநாள் வண்டி ஓட்ட வேண்டாம் என்பது எஃப்டிஏவின் அறிவுரை. தினமும் காலையில் ஸ்கூட்டி எடுப்பவருக்கு சிஆரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கூடச் சேரக் கூடாதவை: மது, டிராமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து. மூச்சே அடங்கிப்போகலாம். ‘அரை அல்பிரஸோலம்’ (பதற்றத்துக்கான மாத்திரை) சேர்த்துப் போடும் பழக்கமும் இதே கணக்குதான். சளிக்குப் போடும் சிபிஎம், செட்ரிசின் மறுநாள் மந்தத்தைக் கூட்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு நேரெதிர்: மாத்திரை வேலையே செய்யாது, அதற்காக அளவைக் கூட்டக் கூடாது. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர்கள் முதலில் அதற்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி எடுப்பது, காலையில் எதுவும் நினைவில்லாமல் இருப்பது: இதற்காக எஃப்டிஏ 2019இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. குறைந்த அளவிலும், முதல் மாத்திரையிலும்கூட நடக்கலாம். ஒரே ஒரு தடவை நடந்தாலும் இந்த மருந்து அவருக்கு அவ்வளவுதான். பக்கத்தில் படுப்பவரிடம் முன்பே சொல்லி வைத்தால்தான் நடந்ததே தெரியவரும்.

ஏழு முதல் பத்து நாளில் தூக்கம் சரியாகாவிட்டால் மாத்திரையைத் தொடராமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். நாலு வாரத்துக்கு மேல் போகிற சீட்டை டாக்டரிடம் கேள்வி கேட்காமல் நீட்டிக்க வேண்டாம். தினமும் போட்டுவந்து திடீரென்று நிறுத்தினால் ஓரிரு இரவு முன்பைவிட மோசமாகத் தூக்கம் போகும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஆரம்பிப்பவர்கள்தான் வருஷக்கணக்கில் மாட்டுகிறார்கள். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கலாம்.

வாங்கும்போது: இது எச்1 பட்டியல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. கடைக்காரர் டாக்டர் பெயர், உங்கள் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருஷம் அதை வைத்திருக்க வேண்டும். சீட்டே கேட்காமல் தருகிற கடை வேறு எதில் கவனமாக இருக்கும்? அட்டையை வெட்டித் தந்தால் காலாவதித் தேதி எந்தத் துண்டில் போனது என்று அங்கேயே பாருங்கள்.