பயற்றங்காய் வேருக்கு எது நல்லது: ரைசோபியமா, அசோஸ்பைரில்லமா, பேசில்லஸா?

ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பேசில்லஸ் என்ற மண் பாக்டீரியாக்களில் செடிக்கு ஒன்றாக இட்டு, ஒரே நாளில் விதைத்த மூன்று பயற்றங்காய்ச் செடிகளை 35-ஆம் நாள் பிடுங்கினேன். வாளித் தண்ணீரில் வேர்களை அலசி, பழைய நாளிதழின் மேல் வரிசையாகப் பரப்பினேன். பினாங்கு ஜெலுத்தோங்கில், எங்கள் தரைவீட்டு முன்வாசலில், மூன்றும் ஒரே மண் நிரப்பிய பைகளில் வளர்ந்தவை. கொடியின் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேருக்கு வந்தால்தான் வேறுபாடு தெரிந்தது.

ரைசோபியம் தடவிய விதையின் வேர் மெலிந்தே இருந்தது. ஆனால் அதில், பாக்டீரியா குடியிருக்கும் மிளகளவு முடிச்சுகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுப் புரதமான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. இந்தப் புரதம் ஆக்சிஜனைத் தன்னிடம் பிடித்துவைத்து, பாக்டீரியாவுக்குத் தேவையான அளவை மட்டும் கொடுக்கிறது. கீறிப் பார்க்கையில் முடிச்சு வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று பொருள்.

அசோஸ்பைரில்லம் இட்ட செடியில் முடிச்சுகள் சொற்பம். ஆனால் பக்கவேர்கள் மண்ணை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தன; அலசி முடிக்க இரண்டு வாளித் தண்ணீர் பிடித்தது. பேசில்லஸ் இட்ட செடி இரண்டுக்கும் நடுவில் நின்றது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ரைசோபியம் வேர் வளர்ப்பான் அல்ல, செடிக்குச் சோறு போடுபவன். வேர் கசியும் ஃபிளாவனாய்டுகள் என்ற வேதிப்பொருள்களை அது அடையாளம் கண்டு, பதிலுக்கு ஒரு வேதிச் சமிக்ஞையை விடுகிறது. அதைக் கேட்ட வேர்த்தூவி கொக்கிபோல் வளைந்து பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு செடி சர்க்கரை தர, பாக்டீரியா நைட்ரஜன் தருகிறது. அசோஸ்பைரில்லத்தின் வழி வேறு. அது வேரை ஒட்டி வாழ்ந்து இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற ஆக்சினை, அதாவது வளர்ச்சி ஹார்மோனை, சுரக்கிறது. அதனால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. அளவு மீறினால் அதே ஆக்சின் முதன்மை வேரைக் குட்டையாக்கும். ‘கூட ஒரு கரண்டி’ போடும் ஆசையை இங்கே அடக்கத்தான் வேண்டும்.

பேசில்லஸ் இனங்களில் சில, கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கட்டுண்ட பாஸ்பரசை விடுவிக்கின்றன. நம் ஊரின் அமிலத்தன்மை கொண்ட மண்ணில் அலுமினியமும் இரும்பும் பாஸ்பரசை இறுகப் பிடித்துக்கொள்வதால், இது சின்ன உதவி அல்ல. சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா வேரழுகல் பூஞ்சைகளை எதிர்ப்பது. செப்டம்பர், அக்டோபர் மழையில் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு அதைத்தான் சொல்வேன்.

வெயில் விஷயத்தில் பேசில்லஸ் முந்துகிறது. அதன் உறங்குநிலை வித்துகள் சூட்டையும் வறட்சியையும் தாங்கும், ரைசோபியம் தாங்காது. ஒருமுறை கடை வாசலில் வெயிலில் கிடந்த ரைசோபியம் பொட்டலத்தை நம்பி வாங்கி விதைத்தேன். அந்தச் செடிகளில் ஒரு முடிச்சுகூட வரவில்லை. ஒரு பருவமே வீணானது. இன்றும் அந்த வருத்தம் போகவில்லை. இப்போது நிழலில் வைத்து விற்கும் கடையில், காலாவதி நாளைப் பார்த்த பிறகே வாங்குகிறேன்.

எந்த ரைசோபியம் என்பதும் முக்கியம். பயற்றங்காய்க்கும் தட்டைப்பயற்றுக்கும் மெதுவாக வளரும் பிராடிரைசோபியம் கூட்டம் பொருந்தும். கேமரன் மலை பீன்ஸுக்கு ரைசோபியம் எட்லி, ரைசோபியம் ட்ரோபிசி போன்றவை பொருந்தும். சோயாவுக்கென்று விற்கும் பொட்டலத்தை பீன்ஸுக்குப் போட்டுப் பயனில்லை. பயற்றங்காய்க்கு ஏற்ற பாக்டீரியா வெப்பமண்டல மண்ணில் பெரும்பாலும் தானாகவே இருக்கும். தேங்காய் நார்த்தூள் மட்டும் நிரப்பிய புதுப் பையில் அது இருக்காது. அங்கே தடவியே ஆக வேண்டும். பால்மரத் தோட்டங்களில் இளமரங்களுக்கிடையே புவேரியா, காலப்போகோனியம் என்ற பயறு இனக் கொடிகளைப் படரவிட்டு, விதைக்கு ரைசோபியம் தடவும் வழக்கம் இருந்தது. நம் முன்னோர் பலர் வேலை செய்த அந்த மண்ணை வளமாக்கியதில் இந்த முடிச்சுகளுக்கும் பங்குண்டு.

யூரியாவை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. நைட்ரஜன் எளிதாகக் கிடைத்தால் செடியே முடிச்சு வைப்பதைக் குறைத்துவிடும். இலை தளதளக்கும், முடிச்சு இருக்காது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், புதுப் பைக்கு ரைசோபியம், பயறு விளைந்த பழைய மண்ணுக்கு அசோஸ்பைரில்லம். இரண்டையும் சேர்ப்பது இன்னும் நல்லது: வேர்த்தூவிகள் பெருகினால் ரைசோபியம் நுழைய இடமும் பெருகும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரானால், குளோரின் போக, முதல் நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். சிவப்போ பச்சையோ சாயம் ஏறிய விதை பூஞ்சைக்கொல்லி பூசியதாக இருக்கலாம். அதன்மேல் தடவாமல், பாக்டீரியாவைத் தொழுவுரத்தில் கலந்து விதைக்குழியின் அடியில் இடுங்கள்.